சிங்க்வே டெர்ரே போறீங்களா? ட்ரெயின், படிக்கட்டு, சாப்பாடு, தங்குறது எல்லாம் சேர்த்து முழு வழிகாட்டி

முதல்லயே ஒரு விஷயம், சிங்க்வே டெர்ரேன்னு தனியா ஒரு ஊரு கிடையாது, இத்தாலியோட வடமேற்குக் கரையில லிகூரியான்னு ஒரு மாநிலம் இருக்கு, அதுல லா ஸ்பெசியான்ற டவுனுக்குப் பக்கத்துல கடலோரமா வரிசையா இருக்குற அஞ்சு சின்ன ஊருக்கு சேர்த்து வச்ச பேரு அது. தெற்குல இருந்து சொன்னா ரியோமஜ்ஜோரே, மனரோலா, கோர்னிலியா, வெர்னாட்ஸா, மொன்டெரோஸ்ஸோ. இந்த வரிசையை மனப்பாடம் பண்ணிக்கோங்க, அங்க நாள் பூரா இதேதான் பேச்சு.

பேருக்கு அர்த்தம் அஞ்சு நிலம். கேட்டதும் ஸ்கூல்ல படிச்ச குறிஞ்சி முல்லை மருதம் எல்லாம் ஞாபகம் வருது இல்ல? ஆனா இங்க குறிஞ்சி அப்படியே சரிஞ்சு வந்து நெய்தல் மேல உக்காந்திருக்கு, நடுவுல மருதத்துக்கு இடமே இல்ல. சமதரைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எந்த ஊர்ல தங்கணும், என்ன செருப்பு போடணும், பெட்டி எவ்வளவு பெருசு, வயசானவங்கள கூட்டிட்டுப் போகலாமா, எல்லாத்துக்கும் பதில் இந்த ஒரு விஷயத்துலதான் இருக்கு. நான் அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிட்டுப் போனேன், அம்மாவுக்கு 61 வயசு, இடது முட்டி கொஞ்சம் தகராறு, அதனால கீழ இருக்குற பாதி அட்வைஸ் அந்த முட்டி சொல்லிக் கொடுத்தது.

படி 1: எப்ப போறது

மே, ஜூன் ஆரம்பம், இல்லன்னா செப்டம்பர் நடுவுல இருந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும். ஜூலை ஆகஸ்ட்ல வெயிலும் கூட்டமும் சேர்ந்து உயிரை வாங்கும், ஊரோட மெயின் தெருவே நம்ம தெருமுனை சந்து அகலம்தான், அதுல ஒரு ட்ரெயின் கூட்டம் மொத்தமா இறங்குனா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. குளிர்காலத்துல ஊரு அமைதியா இருக்கும் ஆனா கடை, ஹோட்டல் பாதி மூடியிருக்கும், படகும் ஓடாது.

அக்டோபர் கடைசியில போறதா இருந்தா மழை பத்தி கவனமா இருங்க. 2011 அக்டோபர் 25ம் தேதி கொட்டுன மழையில மலைச்சரிவு மண்ணு மொத்தமா இறங்கி வெர்னாட்ஸாவும் மொன்டெரோஸ்ஸோவும் சேத்துல புதைஞ்சு போச்சு, வெர்னாட்ஸா மெயின் தெருவுல கடைங்க எல்லாம் ஒரு மாடி உயரத்துக்கு மண்ணுக்குள்ள. உயிர்ச்சேதமும் ஆச்சு. அதனால இப்ப வானிலை எச்சரிக்கை வந்தா நடைபாதைகளை மூடிடுவாங்க, "இவ்வளவு தூரம் வந்துட்டோமே"ன்னு தடுப்பைத் தாண்டிப் போகாதீங்க.

விசா பத்தி சுருக்கமா: இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்னா ஷெங்கன் விசா வேணும், கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, சர்வீஸ் சார்ஜ் தனி, 30,000 யூரோ கவர் ஆகுற ட்ராவல் இன்சூரன்ஸ் கட்டாயம். பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், கோடைக்குப் போறவங்க அப்பாயின்ட்மென்டுக்கு சீக்கிரமே முந்திக்கோங்க.

படி 2: எங்க தங்குறது

இதுலதான் நிறைய பேர் சறுக்குறாங்க. போட்டோவைப் பார்த்து "கடல் வியூ ரூம், மனரோலா"ன்னு புக் பண்ணிடுவாங்க, அங்க போனா ஸ்டேஷன்ல இருந்து 28 கிலோ பெட்டியைத் தூக்கிட்டு நாலு மாடி உயரம் படி ஏறணும், லிஃப்ட் இருக்காது, ஆட்டோவும் கிடையாது, ஊருக்குள்ள வண்டியே வராது. என்னோட கணக்கு இதுதான்:

லா ஸ்பெசியா: பெரிய டவுன், ரூம் வாடகை கம்மி, சூப்பர்மார்க்கெட், மருந்துக்கடை எல்லாம் உண்டு, ரியோமஜ்ஜோரேவுக்கு ட்ரெயின்ல 8 நிமிஷம்தான். பட்ஜெட் பார்க்குறவங்களுக்கும் பெரிய பெட்டிக்காரங்களுக்கும் இதுதான். அந்தப் பக்கம் கடைசியில லெவான்டோன்னு ஒரு ஊரு, மொன்டெரோஸ்ஸோவுக்கு 5 நிமிஷம், நல்ல பீச் இருக்கு, குழந்தைங்க இருந்தா அது நல்லா இருக்கும்.

அஞ்சு ஊருக்குள்ளயே தங்கணும்னா வயசானவங்க கூட இருந்தா மொன்டெரோஸ்ஸோ மட்டும்தான் பார்க்கணும், அங்கதான் கொஞ்சமாவது தரை தரையா இருக்கு. நாங்க ரெண்டு ராத்திரி லா ஸ்பெசியா, ஒரு ராத்திரி வெர்னாட்ஸான்னு பிரிச்சோம், பெரிய பெட்டியை லா ஸ்பெசியா வீட்டுக்காரம்மாகிட்டயே கெஞ்சிக் கேட்டு விட்டுட்டு ஆளுக்கு ஒரு தோள்பை மட்டும் எடுத்துட்டுப் போனோம். இந்தப் பயணத்துல நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு அதுதான்னு தங்கச்சி இன்னும் சொல்றா.

ஒரு ராத்திரியாவது ஊருக்குள்ள தங்குங்கன்னு ஏன் சொல்றேன்னா, பகல் 10 மணிக்கு ஃபுளோரன்ஸ், மிலன், கப்பல்ல வர்ற கூட்டம் எல்லாம் இறங்கும், சாயந்தரம் 6க்கு மேல ஏறிப் போயிடும். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்குறது வேற ஊரு. காலையில 6:30க்கு வெர்னாட்ஸா துறைமுகத்துல நாங்க மூணு பேரு, வலை உதறிட்டு இருந்த ஒரு தாத்தா, ஒரு பூனை, அவ்வளவுதான். பலசரக்கு ஏத்துன ஒரு குட்டி வண்டி மட்டும் டக்டக்னு கல்லுத் தெருவுல போச்சு.

படி 3: போய்ச் சேர்றது

கார் வேண்டாம். மலைப்பாதை, பார்க்கிங் ரொம்பக் கம்மி, ஊருக்குள்ள வெளி வண்டி போகக்கூடாது, தெரியாம தடை பண்ண ஏரியாவுக்குள்ள போயிட்டா கேமரா பிடிச்சு அபராதம் வரும். ஏற்கனவே கார்ல சுத்துறீங்கன்னா லா ஸ்பெசியாவிலயோ லெவான்டோவிலயோ நிறுத்திட்டு ட்ரெயின் ஏறிடுங்க.

பீசாவுல இருந்து லா ஸ்பெசியாவுக்கு சுமார் 1 மணி நேரம், மிலன்ல இருந்து சுமார் 3 மணி நேரம், ஃபுளோரன்ஸ்ல இருந்து பெரும்பாலும் பீசாவுல மாறி ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஆகும். ஜெனோவா பக்கத்துல இருந்து வந்தா மொன்டெரோஸ்ஸோதான் முதல்ல வரும். மிலன்ல இருந்து வர்ற நீண்டதூர ட்ரெயின் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தா விலை குறையும், உள்ளூர் ட்ரெயினுக்கு அந்த அவசரம் இல்ல.

படி 4: அஞ்சு ஊருக்கு நடுவுல ட்ரெயின், கார்டு, டிக்கெட்

1870கள்ல மலையைக் குடைஞ்சு போட்ட ரயில் பாதைதான் இந்த ஊர்களோட உயிர்நாடி. லா ஸ்பெசியா – லெவான்டோ நடுவுல சிங்க்வே டெர்ரே எக்ஸ்பிரஸ்னு ஒரு ட்ரெயின், மார்ச்ல இருந்து நவம்பர் ஆரம்பம் வரைக்கும் பகல்ல அடிக்கடி ஓடும், கால் மணி இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு வந்துரும். ஊருக்கு ஊரு நாலஞ்சு நிமிஷம்தான். ராத்திரி இடைவெளி அதிகமாயிடும், டின்னருக்கு உக்கார்றதுக்கு முன்னாடி திரும்புற ட்ரெயின் நேரம் பார்த்துக்கோங்க.

ஒரு தடவை ஏற ஒரு ஆளுக்கு நாளைப் பொறுத்து 5ல இருந்து 10 யூரோ வரைக்கும் ஆகும். இது நம்ம லோக்கல் ட்ரெயின் விலை இல்ல, டூரிஸ்டுக்குன்னே வச்ச விலை. அதனால ஒரே நாள்ல நாலு தடவை ஏறி இறங்குவீங்கன்னா சிங்க்வே டெர்ரே ட்ரெயின் கார்டு எடுத்துடுங்க, ஒரு நாள் கார்டு சுமார் 20ல இருந்து 32 யூரோ வரைக்கும், கூட்டம் அதிகமா இருக்குற தேதியில அதிகம், வருஷா வருஷம் விலையை மாத்துறாங்க, இந்தப் பகுதி ஒரு தேசியப் பூங்கா, போறதுக்கு முன்னாடி அதோட இணையதளத்துல பார்த்துக்கோங்க. கார்டுல ட்ரெயின், காசு கட்டுற நடைபாதை, ஊருக்குள்ள ஓடுற சின்ன பஸ், ஸ்டேஷன் டாய்லெட் எல்லாம் அடக்கம். டாய்லெட்டைச் சாதாரணமா நினைக்காதீங்க, நாள் பூரா சுத்துறப்ப அதோட அருமை தெரியும்.

நடக்க மட்டும் போறவங்களுக்கு விலை கம்மியான ட்ரெக்கிங் கார்டு தனியா இருக்கு. பேப்பர் டிக்கெட்டோ பேப்பர் கார்டோ எடுத்தா ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்ஃபார்ம்ல இருக்குற சின்ன மெஷின்ல சொருகி முத்திரை குத்தணும், மறந்தா காசு கொடுத்து டிக்கெட் எடுத்தும் அபராதம் கட்டணும்.

இப்ப நாங்க மாட்டுன கதை. வெர்னாட்ஸா, ரியோமஜ்ஜோரே ரெண்டு ஸ்டேஷன்லயும் பிளாட்ஃபார்ம் பாதி டன்னலுக்குள்ள இருக்கு. நாங்க ஏறுனது பின்னாடி பெட்டி. வெர்னாட்ஸாவுல இறங்கணும், ட்ரெயின் நின்னுச்சு, வெளிய ஒரே இருட்டு, அம்மா "ஏண்டா, சிக்னலுக்கு நிக்குது போல"ன்னாங்க, நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன், கதவு ஒரு ஓரத்துல திறந்து மூடுற சத்தம் கேட்டுச்சு, அதுக்குள்ள கிளம்பிடுச்சு. அடுத்து வெளிச்சத்தைப் பார்த்தப்ப மொன்டெரோஸ்ஸோ. அதனால இருட்டுல நின்னாலும் அது ஸ்டேஷன்தான்னு வச்சுக்கோங்க, கதவுகிட்ட போய் பட்டனை அழுத்துங்க.

படி 5: ஒரே நாள்தான் இருக்குன்னா

கூட்டம் எல்லாம் லா ஸ்பெசியாவுல ஏறி முதல் ஊரான ரியோமஜ்ஜோரேவுல இறங்கும். நீங்க எதிர்ல இருந்து ஆரம்பிங்க. காலையில 7:30 ட்ரெயினைப் பிடிச்சு நேரா கடைசி ஊரு மொன்டெரோஸ்ஸோ போயிடுங்க, ஒரு காபி குடிச்சுட்டு (நின்னுக்கிட்டே குடிச்சா விலை கம்மி, டேபிள்ல உக்காந்தா அதிகம், இத்தாலி பூரா அப்படித்தான்) வெர்னாட்ஸாவுக்கு நடங்க. 3.5 கிலோமீட்டர்னு போட்டிருக்கும், சுலபம்னு நினைச்சுடாதீங்க, ரெண்டு மணி நேரம் ஆகும், ஆரம்பத்துலயே செங்குத்தா படி. ஆனா இந்தத் திசையில நடந்தாதான் கடைசியில மேல இருந்து வெர்னாட்ஸா மொத்தமா கீழ விரியும், அந்தக் குட்டித் துறைமுகம், தண்ணி ஓரத்துலயே நிக்குற சாந்தா மார்கெரித்தா சர்ச், பாறை மேல டோரியா கோட்டையோட கோபுரம். கூட்டம் அதிகமான சில நாள்ல இந்தப் பாதையை ஒருவழியாக்கிடுவாங்க, அப்பவும் மொன்டெரோஸ்ஸோவுல இருந்து வெர்னாட்ஸாதான் திசை, காலையில போனா பிரச்சனையே இல்ல.

நடக்க முடியாதவங்க ட்ரெயின்ல வந்து அங்க சேர்ந்துக்கலாம். அம்மா அப்படித்தான் வந்தாங்க, நாங்க வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தப்ப சர்ச் பக்கத்துல கல்லுல உக்காந்து ஜெலாட்டோ, அதான் இத்தாலி ஐஸ்கிரீம், சாப்பிட்டுட்டு இருந்தாங்க.

மத்தியானம் கோர்னிலியா. அஞ்சுல இது ஒண்ணுதான் கடலைத் தொடாத ஊரு, சுமார் 100 மீட்டர் உயரத்துல பாறை மேல உக்காந்திருக்கு. ஸ்டேஷன்ல இருந்து லார்தரீனான்னு ஒரு படிக்கட்டு, 33 அடுக்கு, கிட்டத்தட்ட 380 படி. எங்க ஊரு மலைக்கோட்டை மாதிரிதானேன்னு தங்கச்சி வீராப்பா ஏறுனா, பாதியில வெயில்ல உக்காந்துட்டா, மலைக்கோட்டையில நிழலாவது இருக்கும். கீழ ஸ்டேஷன் வாசல்லயே குட்டி பஸ் நிக்கும், கார்டு இருந்தா காசு வேண்டாம், வெக்கப்படாம ஏறிடுங்க. கூட்டம் இங்க கம்மி, சாப்பாட்டுக்கு இந்த ஊருதான் சரி.

நாலு மணிக்கு மேல மனரோலா. நீங்க பார்த்த எல்லா போட்டோவும் இங்கதான் எடுத்தது. துறைமுகத்துல இறங்கி வலது பக்கம் கடலோரமா சுத்திப் போற பாதையில புன்தா பொன்ஃபீலியோன்னு ஒரு முனை, அங்க நின்னு திரும்பிப் பார்த்தா ஊரு முழுசா தெரியும். சூரியன் இறங்குறப்ப மஞ்ச, காவி, வெளிர் சிவப்புன்னு சுவரெல்லாம் பத்திக்கிட்ட மாதிரி இருக்கும். ஆனா சூரியன் போனதும் எல்லாரும் கிளம்பிடுவாங்க, கிளம்பாதீங்க, இன்னும் 20 நிமிஷம் நில்லுங்க, வானம் நீலமா இருக்கும், ஜன்னல்ல ஒவ்வொண்ணா லைட்டு விழும்.

ராத்திரி சாப்பாட்டுக்கு ரியோமஜ்ஜோரே, அங்கிருந்து லா ஸ்பெசியா 8 நிமிஷம். அஞ்சையும் பார்த்தாச்சு. காலு என்ன ஆகும்னு கேக்காதீங்க.

படி 6: ரெண்டாவது நாள் இருந்தா

மனரோலாவுல இருந்து மேல வொலாஸ்த்ரான்ற ஊருக்கு சின்ன பஸ்ல ஏறிப் போயிட்டு, அங்கிருந்து கோர்னிலியாவுக்குத் திராட்சைத் தோட்டம் வழியா நடங்க. ஏறுற வேலையை பஸ் பார்த்துக்கும், உங்களுக்கு ஒண்ணரை மணி நேர நடை, பெரும்பாலும் சமமா இருந்து கடைசியில இறக்கம். எனக்கு மொத்தப் பயணத்துலயும் பிடிச்ச இடம் இதுதான். இங்கதான் இந்த அஞ்சு ஊரு எப்படிப் பொழைச்சுதுன்னு புரியும். சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் இல்லாம வெறும் கல்லைக் கல்லு மேல அடுக்கிச் சுவர் கட்டி, மலையைப் படிப்படியா வெட்டி, ஒவ்வொரு படியிலயும் ரெண்டு வரிசை கொடி. நூத்துக்கணக்கான வருஷமா தலைமுறை தலைமுறையா அடுக்கினது. சாந்து இல்லாததால மழைத்தண்ணி இடுக்கு வழியா வடிஞ்சு போகுது, சுவர் தாங்குது. பார்க்க ஆள் இல்லாம விட்ட இடத்துல கல்லு சரியுது, அதோட மண்ணும் சரியுது. தோட்டத்துல இருந்து பழக்கூடையைக் கொண்டு வர ஒத்தைத் தண்டவாளத்துல ஒரு குட்டி மோட்டார் வண்டி ஓடும், அதுல ஆள் குந்திட்டுப் போறதைப் பார்த்தா நமக்கு வயித்தைக் கலக்கும். 1997ல யுனெஸ்கோ இந்தப் பகுதியைப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது, கலர் வீட்டுக்காக மட்டும் இல்ல, இந்தச் சுவருக்கும் சேர்த்துத்தான். தயவுசெஞ்சு போட்டோவுக்காக அது மேல ஏறி உக்காராதீங்க.

காதலர் பாதைன்னு ஒண்ணு ரியோமஜ்ஜோரேவுக்கும் மனரோலாவுக்கும் நடுவுல இருக்கு, வியா தெல்லமோரே, ஒரு கிலோமீட்டருக்கும் கம்மி, கடலுக்கு மேல பாறையை ஒட்டிச் சமமான நடை. 2012ல பாறை விழுந்து சிலருக்கு அடிபட்டு மூடினது, 2024லதான் திறந்தாங்க. நேரம் குறிச்சு முன்பதிவு பண்ணணும், கார்டு போக 10 யூரோ தனி, ரியோமஜ்ஜோரே பக்கம் இருந்துதான் உள்ள விடுறாங்க. இருபது நிமிஷ நடைக்கு அவ்வளவு காசான்னு எனக்குத் தோணுச்சு, அம்மாவுக்கு முட்டிக்கு ஏத்த ஒரே பாதை அதுதான்ங்கறதால கொடுத்தேன், அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது.

படகு கண்டிப்பா ஒரு தடவை ஏறுங்க. ட்ரெயினை விட விலை அதிகம்தான், ஆனா ட்ரெயின்ல போறப்ப டன்னல் சுவர்தான் தெரியும், இந்த ஊருங்க எல்லாம் முகத்தைக் கடல் பக்கம் வச்சிருக்கு. கோர்னிலியா தவிர நாலு ஊர்லயும் நிக்கும், தெற்கே போர்டோவெனெரே வரைக்கும் போகும். அலை அதிகமா இருந்தா ரத்து ஆயிடும், முதல் நாள் கடல் அமைதியா இருந்தா அன்னிக்கே ஏறிடுங்க.

படி 7: என்ன எடுத்துட்டுப் போறது, என்ன சாப்பிடுறது

பிடிப்பு உள்ள ஷூ. ஹவாய் செருப்பு, வழவழப்பான அடி உள்ளது எதையும் போட்டுட்டு நடைபாதைக்குப் போனா 50ல இருந்து 2500 யூரோ வரைக்கும் அபராதம் போடலாம்னு விதி இருக்கு, கேலி இல்ல. தண்ணி பாட்டில் ஒண்ணு போதும், ஊர்ல அங்கங்க குழாய் இருக்கு, "நோன் பொதாபிலே"ன்னு எழுதியிருந்தா மட்டும் குடிக்காதீங்க. தொப்பி. முட்டிக்காரங்களுக்கு ஒரு கைத்தடி.

சைவம்னா பயப்படவே வேண்டாம், லிகூரியா நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. பெஸ்டோ பொறந்த மாநிலம் இது, துளசி குடும்பத்து பாசில் இலை, பூண்டு, பைன் கொட்டை, சீஸ், ஆலிவ் எண்ணெய் எல்லாத்தையும் கல்லுரல்ல இடிச்ச சட்னி, அதை முறுக்கின குட்டி பாஸ்தாவுல பிரட்டி உருளைக்கிழங்கு, பீன்ஸ் போட்டுத் தருவாங்க, த்ரோஃபியே அல் பெஸ்டோன்னு கேளுங்க. அப்புறம் ஃபரினாத்தா. கடலை மாவு, தண்ணி, உப்பு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான், மாவைக் கரைச்சு மணிக்கணக்கா ஊற வச்சு, பெரிய செம்புத் தட்டுல ஊத்தி விறகு அடுப்புல வேக வைப்பாங்க, ஓரம் மொறுமொறுன்னு கறுகி நடுவுல மெத்துனு இருக்கும். லா ஸ்பெசியாவுல ஒரு கடையில பேப்பர்ல சுத்திக் கொடுத்தாங்க, அம்மா ஒரு வாய் வச்சுட்டு "இது கடலமாவு அடைடா, பெருங்காயம் போட மறந்துட்டாங்க"ன்னு சொல்லிட்டு இன்னொரு துண்டு வாங்கிட்டு வரச் சொன்னாங்க.

சீஸ்ல விலங்கு ரென்னட், அதாவது பாலைத் திரிய வைக்கக் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற பொருள், இருக்கும், சுத்த சைவம் பார்க்குறவங்க கவனிங்க. சாஸ்ல, ஃபொகாச்சா ரொட்டி மேல நெத்திலி ஒளிஞ்சிருக்கலாம், "சென்சா கார்னே, சென்சா பெஷே"ன்னு சொன்னா கறி, மீன் இல்லாமன்னு புரிஞ்சுக்குவாங்க. அசைவக்காரங்களுக்கு அதே நெத்திலிதான் விருந்து, மொன்டெரோஸ்ஸோவுல உப்புல ஊற வச்சது, எலுமிச்சை பிழிஞ்சது, பொரிச்சதுன்னு பல விதமா கிடைக்கும், பொரிச்சதைக் கூம்புல போட்டுத் தர்றதை வாங்கி நடந்துகிட்டே கொறிக்கலாம். குடிக்கிறவங்களுக்கு ஷக்கெத்ராங்கற இனிப்பு வைன், அந்தப் படிக்கட்டுத் தோட்டத்துத் திராட்சையைக் காயவச்சுச் செய்றது, விலை உறைக்கும், ஒரு சின்ன கிளாஸ் வாங்குங்க. பில்லுல கோப்பெர்தோன்னு ஒண்ணு ரெண்டு யூரோ தலைக்கு சேர்ந்திருந்தா சண்டை போடாதீங்க, அது உக்காந்ததுக்கான காசு, ஊரு வழக்கம்.

படி 8: கிளம்புற நாள்

இத்தாலியில ஷோப்பெரோ, அதாவது ஸ்ட்ரைக், அடிக்கடி வரும், தேதி முன்னாடியே அறிவிச்சிடுவாங்க. கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ட்ரெயின் ஆப்ல பார்த்துடுங்க. வார நாள்ல ஸ்ட்ரைக்னா கூட காலை 6–9, சாயந்தரம் 6–9 மணிக்குக் குறிப்பிட்ட உள்ளூர் ட்ரெயின்கள் ஓடியே ஆகணும்னு இருக்கு, ஃபிளைட் இருந்தா காலை நேரத்துலயே பீசா பக்கம் நகர்ந்துடுங்க. நாங்க அப்படித்தான் 6:40க்கு ஸ்டேஷன்ல நின்னோம், கடை எதுவும் திறக்கல, அம்மா பையில இருந்து முந்தின நாள் ஃபரினாத்தாவைப் பேப்பரோட எடுத்தாங்க, கூடவே ஊர்ல இருந்து கொண்டு வந்த ஊறுகாய் பாக்கெட்டையும்.